மூடி வைத்த டேபிள் சாவை மீண்டும் ஓட்டுவது: வீட்டுத் தச்சுக்கு முழு வழிகாட்டி

சில வருடங்கள் மூடிக் கிடந்த டேபிள் சாவின், அதாவது மேஜை நடுவே வட்டப் பிளேடு நீட்டி நிற்கும் அறுவை இயந்திரத்தின், உறையை எடுத்ததும் கை நேராக சுவிட்சுக்குத்தான் போகும். அதற்கு முன் ஒரு நாள் முழுக்க இயந்திரத்துக்கே ஒதுக்குங்கள். மரமே வேண்டாம்.

காரணம் எளிது. கோணலாகப் போகும் வெட்டு, கருகிய விளிம்பு, ஆளை நோக்கி எத்தும் பலகை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குகின்றன. பிளேடின் பின்பக்கப் பற்களுக்கும், பலகையை ஒட்டித் தள்ள உதவும் பக்கச் சட்டமான ஃபென்ஸுக்கும் நடுவில் மரம் நெருக்கப்படும் இடம் அது. அந்த நெருக்கத்தை நீக்கச் செய்யும் வேலை வெட்டையும் காப்பாற்றும், விரலையும் காப்பாற்றும்.

இந்த வழிகாட்டி 10 அங்குல, அதாவது 254 மி.மீ. பிளேடு கொண்ட, வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறு இயந்திரங்களுக்கானது. கையால் பிடிக்கும் சர்குலர் சாவைத் தலைகீழாகப் பலகையின் அடியில் திருகி ‘டேபிள் சா’ ஆக்குவது நம் ஊர்ப் பணியிடங்களில் சாதாரணம். அதற்கு இது பொருந்தாது. அதில் ரைவிங் நைஃப் (பிளேடுக்குப் பின்னால் நிற்கும் காப்புத் தகடு) இருக்காது, பிளேடு மூடி இருக்காது, சுவிட்சை டேப் ஒட்டி நிரந்தரமாக ‘ஆன்’ செய்திருப்பார்கள். பொழுதுபோக்குக்காகத் தச்சு செய்பவருக்கு அந்த அவசரம் தேவையில்லை.

இடமும் மின்சாரமும்

எட்டடிப் பலகையை அறுக்க, பிளேடுக்கு முன்னால் எட்டடியும் பின்னால் எட்டடியும் வேண்டும். கார் நிறுத்தும் இடத்தில் கேட்டைத் திறந்து வைத்தால் பலருக்கு இது கிடைத்துவிடும். மொட்டை மாடி என்றால் நிழலில் வையுங்கள். வெயிலில் நின்று வேலை செய்தால் கண் கூசும், பென்சில் கோடு தெரியாது.

1800 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. ஆகவே 16 ஆம்பியர் பாயின்ட், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆகியவை இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் போட்டே ஆகவேண்டும் என்றால் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 10 மீட்டருக்குள். மெல்லிய வயரில் வோல்ட்டேஜ் இறங்கும், மோட்டார் சூடாகும், வெட்டும்போது திணறும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த இயந்திரமாக இருந்தால் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மின்வெட்டு. ஓடும்போது கரண்ட் போய், நீங்கள் பிளேடு அருகே குனிந்திருக்கும்போது திரும்பி வந்தால் இயந்திரம் தானாகக் கிளம்பக் கூடாது. பிளக்கைச் செருகி ‘ஆன்’ செய்து, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். தானே ஓடத் தொடங்கினால், கரண்ட் போனதும் விடுபட்டுக்கொள்ளும் ஸ்டார்ட்டர் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்திய பிறகே மற்ற வேலை.

துருவும் பிசினும்

பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும்படி மேஜை மேல் வையுங்கள். இனி வரும் எல்லாச் சரிபார்ப்பும் இந்த நிலையில்தான்.

வார்ப்பிரும்பு மேஜை என்றால் கடற்கரை ஊர்களில் கட்டாயம் துரு இருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த 400 நம்பர் எமரித்தாளை ஒரு கட்டையில் சுற்றி ஒரே திசையில் தேயுங்கள், துடைத்துக் காயவிடுங்கள். பிறகு மெழுகு: தரைக்குப் போடும் வேக்ஸ் போதும், வெறும் மெழுகுவத்தியும் ஆகும். சிலிக்கான் கலந்த கார் பாலிஷ் மட்டும் வேண்டாம். அது மரத்தில் ஒட்டினால் பின்னால் வார்னிஷ் அடிக்கும்போது வட்ட வட்டமாக விலகி நிற்கும். அலுமினிய மேஜைக்குத் துருக் கவலை இல்லை, மெழுகு மட்டும் பூசுங்கள்.

மேஜைக்கு அடியில், பிளேடை ஏற்றி இறக்கும் திருகிலும் பல்சக்கரத்திலும் பழைய மரத்தூள் கட்டியாகியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷால் எடுத்துவிட்டு அங்கேயும் மெழுகையே தடவுங்கள். கிரீஸ் போட்டால் இரண்டே வாரத்தில் தூளும் கிரீஸும் சேர்ந்து சாந்தாகிவிடும்.

சிறு இயந்திரங்களின் மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டு. பக்கவாட்டு மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள். கார்பன் 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

பழைய பிளேடைத் தூக்கி எறியும் முன் கழுவிப் பாருங்கள். மொண்ணை என்று நினைத்தது பல நேரம் பிசினாக இருக்கும். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து 15 நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் பழுப்புப் படலம் உரிந்து வரும். உடனே துடைத்துக் காயவையுங்கள். கார்பைடு முனை உடைந்த பல் ஒன்று இருந்தாலும் அந்தப் பிளேடு வேண்டாம்.

நேர் செய்தல்

இதில்தான் பொறுமை வேண்டும். தேவையான கருவிகள்: நல்ல காம்பினேஷன் ஸ்கொயர் (நகரும் அளவுகோல் கொண்ட மூலைமட்டம்), ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு, டூவீலர் உதிரிபாகக் கடையில் கிடைக்கும்), மார்க்கர் பேனா. ஃபீலர் கேஜ் வரும்வரை ஏ4 தாளை வைத்துச் சமாளிக்கலாம். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.

முதலில் பிளேடும் மைட்டர் ஸ்லாட்டும், அதாவது மேஜையில் நீளமாக ஓடும் பள்ளமும், இணையாக இருக்க வேண்டும். பிளேடை முழுக்க ஏற்றுங்கள். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஸ்கொயரின் உடலைப் பள்ளத்தின் சுவரோடு அணைத்து, அதன் அளவுகோலை முன்பக்கம் அந்தப் பல்லைத் தொடும்வரை நீட்டிப் பூட்டுங்கள். இப்போது பிளேடைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், ஸ்கொயரையும் பின்னால் நகர்த்திப் பாருங்கள். அதே பல் என்பது முக்கியம். வேறு பல்லை அளந்தால் பிளேடின் சொந்த நெளிவும் கணக்கில் சேர்ந்துவிடும். முன்னும் பின்னும் வித்தியாசம் ஒரு தாள் தடிமனுக்குள் இருந்தால் போதும்.

அதிகமாக இருந்தால் பிளேடைத் தாங்கும் சட்டத்தின் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். நான்கில் மூன்றைத் தளர்த்தி, ஒன்றை அரைகுறையாக விட்டு, மரத்துண்டு வைத்து லேசாகத் தட்டுங்கள். இறுக்கும்போது மறுபடி நகரும். ஒவ்வொரு போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர் மூலையாக இறுக்கி, அளந்துகொண்டே போங்கள். முதல் தடவையிலேயே அமைந்துவிட்டால் சந்தேகப்பட்டு இன்னொரு முறை அளப்பது நல்லது.

அடுத்து ஃபென்ஸ். பள்ளத்தின் விளிம்பு வரை நகர்த்திப் பூட்டி, முன்முனையிலும் பின்முனையிலும் விரலால் தடவினாலே தெரியும். பள்ளத்துக்கு இணையாக இருக்கலாம், அல்லது பின்முனை பிளேடிலிருந்து ஒரு தாள் அளவு விலகி இருக்கலாம். பின்முனை பிளேடை நோக்கி ஒரு மயிரிழை சாய்ந்தாலும் கூடாது. அங்கேதான் மரம் நெருக்கப்படும்.

மூன்றாவது 90 டிகிரி. ஸ்கொயரைப் பிளேடின் தட்டில் வையுங்கள், பல்லில் வைக்காதீர்கள். எல்லாச் சரிபார்ப்பும் முடிந்து பிளக்கைச் செருகிய பின் ஒரு வெட்டால் உறுதி செய்யலாம்: அகலமான துண்டு ஒன்றைக் குறுக்கே அறுத்து, ஒரு பாதியை மட்டும் தலைகீழாகப் புரட்டி, வெட்டிய முகங்கள் இரண்டையும் மேஜை மேல் சேர்த்து வையுங்கள். மேலேயோ கீழேயோ இடைவெளி தெரிந்தால் பிழை அந்த இடைவெளியில் பாதி.

எந்தப் பிளேடு

நீளவாக்கில் மரம் அறுக்க 24 பல். பிளைவுட்டுக்கும் குறுக்கு வெட்டுக்கும் 60 அல்லது 80 பல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40 பல். ஆனால் ஒன்றரை அங்குலத் தேக்கை நீளவாக்கில் 80 பல் பிளேடால் அறுக்கப் போகாதீர்கள். தூள் வெளியேற இடமில்லாமல் பிளேடு சூடாகி, மரம் கருகி, புகை வரும்.

கடையில் மூன்று விஷயம் பாருங்கள். நடுத்துளை 25.4 மி.மீ.யா, 30 மி.மீ.யா, 15.88 மி.மீ.யா என்று உங்கள் இயந்திரத்தோடு ஒப்பிடுங்கள். பிளேடில் அச்சிட்ட அதிகபட்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிட அதிகமா என்று பாருங்கள். பிறகு, அது மரத்துக்கான பிளேடுதானா என்று கேளுங்கள். அலுமினியம் அறுக்கும் 100, 120 பல் பிளேடும் அதே அலமாரியில்தான் தொங்கும், ‘ஃபினிஷ் நல்லா வரும் சார்’ என்று அதையே எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

ரைவிங் நைஃப்: கழற்றி வைத்ததைத் தேடுங்கள்

பிளேடுக்குப் பின்னால், சுறாவின் முதுகுத் துடுப்பு போல நிற்கும் வளைந்த தகடு. ‘இடைஞ்சலாக இருக்கிறது’ என்று பலர் கழற்றி எங்கோ போட்டிருப்பார்கள். அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் யாரும் கழற்ற மாட்டார்கள்.

பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கி மரத்தை மேஜையோடு அழுத்தும். பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி ஏறி வரும். மரம் சற்றே திரும்பி ஒரு பின்பல்லில் மாட்டினால், அந்தப் பல் பலகையைத் தூக்கி, பிளேடின் உச்சி வழியாக உங்கள் வயிற்றை நோக்கி வீசும். 254 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர். கண் சிமிட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பலகையைப் பிடித்திருந்த கையும் அதோடு பிளேடு மேல் இழுபடலாம் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. அமெரிக்காவின் சா-ஸ்டாப் போல, தோல் பட்டதும் 5 மில்லிசெகண்டுக்குள் பிளேடை நிறுத்தும் இயந்திரங்கள் இருக்கின்றன. அவையும் விரலைத்தான் காக்கும், பறந்து வரும் பலகையைத் தடுக்காது.

அறுபட்ட பிளவுக்குள் தகடு நிற்கும்வரை மரம் பின்பற்களின் பக்கம் சாயாது, உள்ளழுத்தத்தால் பிளவு மூடிக்கொள்ளவும் முடியாது. தகட்டின் தடிமன் பிளேடின் தட்டைவிட அதிகமாகவும் வெட்டின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். தகட்டில் 2.3 மி.மீ. என்று பொறித்திருந்தால், 2.6 மி.மீ. வெட்டும் 1.8 மி.மீ. தட்டும் கொண்ட பிளேடு பொருந்தும். பிளேடை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை ஒப்பிடுங்கள். மெல்லிய பிளேடைப் பழைய தகட்டோடு போட்டால் மரம் பாதியில் சிக்கி நிற்கும். பலர் தகட்டைக் கழற்றுவது இதனால்தான்.

மரம்

டிம்பர் டிப்போவில் கணக்கு கன அடியில். அகலம் அங்குலத்தில், தடிமன் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். 6 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமன், 8 அடி நீளம் என்றால் 48-ஐ 144-ஆல் வகுத்து 0.33 கன அடி. ஒரு பலகைக்கு இதை மனதில் போட்டுப் பழகினால் பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

கை பழகும்வரை தேக்கு வேண்டாம். விலை ஒரு காரணம், தேக்கில் உள்ள சிலிக்கா பிளேடைச் சீக்கிரம் மழுக்கும் என்பது இன்னொன்று. ரப்பர் மர ஜாயின்ட் போர்டு, பைன் இரண்டும் பழக ஏற்றவை. பிளைவுட் என்றால் ஐ.எஸ். 303 முத்திரை உள்ள பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) ரகம் போதும். ஐ.எஸ். 710 மரைன் ரகம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைப்பதற்கு.

செட்டிநாட்டு வீடுகளில் இறக்கிய பர்மா தேக்கு நிலைகளும் உத்திரங்களும் பழைய மரக் கடைகளுக்கு வரும். அருமையான மரம். ஆனால் உள்ளே ஆணி இருக்கும், ஒன்றல்ல, பத்து. வலுவான காந்தத்தைப் பலகை முழுக்க நகர்த்திப் பாருங்கள், சந்தேகமான ஓட்டைகளை உளியால் தோண்டிப் பாருங்கள். பல்லில் ஆணி பட்டால் கார்பைடு முனை தோட்டா போலத் தெறிக்கும்.

வாங்கிய மரத்தைத் தரையில் போடாமல், இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி இரண்டு வாரமாவது வீட்டுக்குள் விடுங்கள். ஈரமானியில் 12 சதவீதத்துக்கு அருகே வந்தால் நம் தட்பவெப்பத்துக்குச் சரி. 20 காட்டும் மரத்தில் செய்த மேஜை, ஏ.சி. அறையில் விரிசல் விடும்.

முக்கியமான ஒன்று: டேபிள் சா மரத்தைத் தட்டையாக்காது. மேஜையில் படியும் முகம் ஒன்றும், ஃபென்ஸில் ஒட்டும் நேர் விளிம்பு ஒன்றும் மரத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். குவிந்து வளைந்த பலகை வெட்டின் நடுவில் ஆடும், ஆடினால் நெருக்கும். முகத்தை அறுவை மில்லில் கொடுத்து இழைத்து வாங்கிவிடுங்கள். விளிம்புக்கு வீட்டிலேயே வழி இருக்கிறது. நான்கடி நீள 12 மி.மீ. பிளைவுட் பட்டையை, கம்பெனியிலேயே நேராக வெட்டி வந்த விளிம்பு ஃபென்ஸ் பக்கம் வரும்படி வையுங்கள். அதன் மேல் பலகையை, கோணல் விளிம்பு பிளேடு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி, வீணாகும் முனைகளில் திருகு போட்டு இறுக்கி அறுங்கள். அந்த விளிம்பு நேராகிவிடும்.

முதல் நீளவாக்கு வெட்டு

1. லுங்கி, தோளில் துண்டு, கைக் காப்பு, மணிக்கட்டில் கட்டிய கயிறு, மோதிரம் எதுவும் வேண்டாம். கையுறையும் வேண்டாம், ஒரு நூல் மாட்டினால் கையோடு இழுத்துவிடும். கண்ணாடி, காதுக்கு மஃப், காலுக்கு ஷூ.
2. பிளேடின் பற்கள் மரத்துக்கு மேல் 5 மி.மீ. தெரியும் அளவுக்கு ஏற்றுங்கள்.
3. ஃபென்ஸ் பக்கம் சாய்ந்த பல்லின் நுனியிலிருந்து ஃபென்ஸ் வரை அளந்து பூட்டுங்கள். இயந்திரத்தின் அளவுப் பட்டையை இன்னும் நம்ப வேண்டாம்.
4. பின்னால் பலகையைத் தாங்க, மேஜையைவிட 2, 3 மி.மீ. தாழ்ந்த ஸ்டாண்ட் ஒன்று. உயர்ந்திருந்தால் பலகை முட்டி நிற்கும்.
5. பிளேடின் நேர்க்கோட்டில் நிற்காமல் சற்று இடப்பக்கம் நில்லுங்கள். ஓடவிட்டு, முழு வேகம் வந்த பின் தள்ளுங்கள்.
6. கண் பிளேடில் இருக்கக் கூடாது. பலகையும் ஃபென்ஸும் ஒட்டும் கோட்டைப் பாருங்கள்.
7. கை பிளேடுக்கு ஒரு சாண் தூரத்தில் வந்ததும் தள்ளுகோலுக்கு மாறுங்கள். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே உள்ள துண்டைப் பிளேடு தாண்டும்வரை தள்ளுங்கள். பாதியில் விட்டால் அதுதான் எத்தும்.
8. அணைத்து, பிளேடு முழுக்க நின்ற பின் இடப்பக்கத் துண்டை எடுங்கள்.

ஒரு அடிக்குக் குறைந்த துண்டை நீளவாக்கில் அறுக்காதீர்கள், கைவாள் எடுங்கள். ஃபென்ஸையும் மைட்டர் கேஜையும் (பள்ளத்தில் ஓடி, குறுக்கு வெட்டுக்குப் பலகையைத் தாங்கும் கோணக் கருவி) சேர்த்து வைத்துக் குறுக்கே துண்டு போடவும் கூடாது. அறுபட்ட துண்டு இரண்டுக்கும் நடுவே குறுக்காகச் சிக்கும்.

ஸ்லெட் ஒன்று செய்யுங்கள்

இயந்திரத்தோடு வரும் மைட்டர் கேஜ் பெரும்பாலும் ஆடும். முதல் வேலையாகக் குறுக்கு வெட்டுக்கு ஒரு ஸ்லெட், அதாவது பள்ளத்தில் சறுக்கி ஓடும் தட்டு, செய்துகொண்டால் பிறகு பெட்டி, சட்டம், முக்காலி எல்லாவற்றுக்கும் உதவும்.

அடித்தளம் 12 மி.மீ. பிளைவுட், 600க்கு 450 மி.மீ. பள்ளத்தில் ஓட இரண்டு பட்டைகள். பள்ளம் பெரும்பாலும் 19 மி.மீ. அகலம், 9.5 மி.மீ. ஆழம், ஆனாலும் உங்களுடையதை அளந்துகொள்ளுங்கள். பட்டைக்கு மரம் போட்டால் ஐப்பசி மழையில் உப்பி இறுகும். சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை வாங்கி அறுத்துக்கொண்டால் எந்தப் பருவத்திலும் ஒரே மாதிரி ஓடும். அதில் பசை ஒட்டாது, திருகுதான். வேலி: 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஃபெவிகாலால் ஒட்டி 36 மி.மீ. தடிமனாக்கி, 75 மி.மீ. உயரம், 600 மி.மீ. நீளம். முன்னால் ஒன்று, உங்கள் பக்கம் ஒன்று. உங்கள் பக்க வேலியில் பிளேடு வெளிவரும் இடத்தில், வெளிப்புறமாக ஒரு தடித்த கட்டையை ஒட்டுங்கள். கட்டை விரலை அங்கே வைக்கும் பழக்கம் எல்லோருக்கும் வரும்.

பட்டைகளைப் பள்ளத்தில் வைத்து, அடியில் நாணயம் கொடுத்துச் சற்று உயர்த்தி, மேலே அடித்தளத்தை வைத்துத் திருகுங்கள். முன்வேலியைப் பொருத்துங்கள். உங்கள் பக்க வேலியை ஸ்கொயர் வைத்து, வலது முனையில் ஒரே ஒரு திருகும் இடது முனையில் ஒரு கிளாம்பும் போட்டு நிறுத்துங்கள். பிளேடை ஏற்றி அடித்தளத்தை அறுங்கள். இனி ஐந்து வெட்டுச் சோதனை.

சுமார் 400 மி.மீ. சதுரப் பிளைவுட் துண்டைப் பிளேடுக்கு இடப்பக்கம் வைத்து வலது விளிம்பைச் சீவுங்கள். சீவிய விளிம்பு வேலியில் படும்படி வலஞ்சுழியாகத் திருப்பி அடுத்ததைச் சீவுங்கள். இப்படி நான்கு. ஐந்தாவது முறை முதல் விளிம்பிலிருந்து 25 மி.மீ. பட்டை ஒன்றை அறுத்தெடுங்கள். அதன் இரு முனைகளின் அகலத்தையும் காலிபரால் அளந்து பாருங்கள். வேலிப்பக்க முனை 25.4, எதிர்முனை 25.0 என்றால் வித்தியாசம் 0.4. நான்கு வெட்டின் பிழை இதில் சேர்ந்திருப்பதால் 4-ஆல் வகுத்தால் 0.1. அதாவது 400 மி.மீ.க்கு 0.1 மி.மீ. பிழை. வலது திருகிலிருந்து இடது கிளாம்பு 500 மி.மீ. தூரம் என்றால் அங்கே 0.125 மி.மீ. நகர்த்த வேண்டும். வேலிப்பக்க முனை அகலமாக இருந்தால் இடது முனையைப் பிளேடின் பின்புறத் திசைக்கு, உங்களிடமிருந்து விலக்கித் தள்ளுங்கள். குறுகலாக இருந்தால் உங்கள் பக்கம் இழுங்கள். ஃபீலர் கேஜ் தகடு ஒன்றை வேலிக்கும் ஒரு நிறுத்துக் கட்டைக்கும் நடுவே வைத்து நகர்த்தினால் அளவு தவறாது. சோதனையை மறுபடி செய்து, திருப்தியானதும் மீதித் திருகுகளைப் போடுங்கள். இங்கே பசை வேண்டாம், அடுத்த வருடம் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஸ்லெட்டின் மேல் பிளேடு திறந்துதான் ஓடும். இரண்டு கையும் அறுப்புக் கோட்டிலிருந்து ஒரு சாண் விலகியே இருக்கட்டும்.

சரியாக வராதபோது

ஒரு பக்கம் மட்டும், அதுவும் ஃபென்ஸ் பக்க விளிம்பு கருகினால் ஃபென்ஸ் பின்னால் நெருக்குகிறது. இரண்டு பக்கமும் கருகினால் பிசின், மொண்ணைப் பிளேடு, அல்லது நீங்கள் நடுவில் நிறுத்தி நிறுத்தித் தள்ளுகிறீர்கள்.

பிளைவுட்டின் அடிப்பக்கம் பிய்ந்தால் அது இயல்பு, பற்கள் மேலிருந்து கீழாக வெட்டுகின்றன. நல்ல முகத்தை மேலே வையுங்கள். இரண்டு முகமும் வேண்டுமென்றால் அறுப்புக் கோட்டின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், அல்லது ஸ்லெட்டின் மேல் வைத்து அறுங்கள்.

மோட்டார் திணறினால் முதலில் வயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குற்றம் அங்கே. அறுத்துக்கொண்டிருக்கும்போதே பிளவு மூடி, தகட்டை இறுக்கிப் பிடித்தால் பலகையை அசைக்காமல் பிடித்தபடி முழங்காலால் சுவிட்சை அணையுங்கள். நின்ற பிறகு பிளவில் ஒரு சிறு ஆப்பு செருகித் தொடருங்கள். அந்தப் பலகையில் உள்ளழுத்தம் இருக்கிறது, நீளமான துண்டுகளுக்கு அது ஆகாது.

தூசி

மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. என்95 மாஸ்க் இல்லாமல் எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்க வேண்டாம். வாக்குவம் கிளீனருக்கு முன்னால் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி ஒன்றை, காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சுழல்கூம்போடு வைத்தால் பெருமளவு தூள் வாளியிலேயே விழும், ஃபில்டர் அடைக்காது.

வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, பிளேடை மேஜைக்குக் கீழே இறக்கி, தூளைத் துடைத்து, மேஜைக்கு ஒரு கை மெழுகு. கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டால் அடியில் வியர்த்துத் துருப்பிடிக்கும், பழைய பருத்திப் புடவையால் மூடுங்கள்.